முதலில் எடை, பிறகு கால்

நம் சோதனைக் கூடத்தின் வாசலில் பச்சைப் பெயின்டில் எழுதிய ஒரு பலகை தொங்குகிறது: ‘முதலில் எடை, பிறகு கால்.’ புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனதாகக் கேள்விப்பட்டேன். இன்னொருவர் அதை ஏதோ சித்தர் வாக்கு என்று நினைத்துப் படம்பிடித்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாராம். ஓய்வு பெற்று முடிச்சூரில் உட்கார்ந்திருந்தாலும் இந்தச் செய்திகளெல்லாம் எனக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றன. அந்தப் பலகை சாமி விஷயமும் இல்லை, சித்தர் விஷயமும் இல்லை. நான் செய்த ஒரு முட்டாள்தனத்துக்கு வைத்த நினைவுச்சின்னம். அதன் முழுக் கதையும் உங்களுக்குத் தெரியாது. உங்கள் முதலாளிக்கே முழுதாகத் தெரியாது.

நீராவி இன்ஜின் டிசைன் செய்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் “இப்பகூட அந்த ரயில் ஓடுதா?” என்று கேட்பார்கள். உங்களையும் கேட்பார்கள், தயாராக இருங்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துச் சந்துக்குள் நாம் செய்வது ஆளுயர இன்ஜின். பாய்லர் வைத்திருக்கும் தொழிற்சாலைகள் அதில் கொஞ்சம் மின்சாரமும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் செய்வது. இருபத்தைந்து வருடம் நான் மற்றவர்கள் வரைந்த இன்ஜினைத் திருத்தினேன். ஒரு போல்ட்டைத் தள்ளி வைப்பேன், ஒரு குழாயை வளைப்பேன். அதன் பிறகுதான் முதலாளி, “ஏம்மா, கஸ்டமர் எல்லாம் விறகு அதிகமா தின்னுதுன்னு கத்தறாங்க. நீயே புதுசா ஒண்ணு வரையேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் யோசனை எளிமையானது. பழைய இன்ஜினில் பிஸ்டன் பாதி தூரம் போகும் வரை நீராவியை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் ஐந்தில் ஒரு பங்கு தூரத்திலேயே வால்வை மூடிவிட்டேன். ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோமே, அந்த மாதிரி. உள்ளே போன நீராவி தானாக விரிந்து மீதி வேலையைச் செய்யட்டும். குறைந்த நீராவி, அதே வேலை. காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. காகிதத்தில் எது பிரமாதமாக இல்லை?

இன்ஜின் எவ்வளவு நீராவி குடிக்கிறது என்று நாம் எப்படி அளப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். இன்ஜினை விட்டு வெளியே வரும் நீராவியைக் கண்டென்சரில் குளிரவைத்துத் தண்ணீராக்கி, ஒரு மணி நேரம் சேர்த்து எடை போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீர் வாசலோரமிருந்த சிமெண்டுத் தொட்டியில் விழும். அதிலிருந்து டிரம்மில் பிடித்துத் தராசில் ஏற்றுவோம். பழைய இன்ஜினை ஒரு மே மாதத்தில் அளந்திருந்தோம். மணிக்கு நூற்றைம்பது கிலோ. புதியது தயாராகும்போது ஐப்பசி ஆகிவிட்டது. அதே பாரம், அதே ஒரு மணி நேரம். நூற்றிருபது கிலோ!

மூன்று நாள் மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் அரைக் கிலோ முன்னே பின்னே, அதே நூற்றிருபது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு தராசிலேயே பொன்னாக நின்றது. தாம்பரத்தில் இறங்கி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி மறுநாள் எல்லோருக்கும் கொடுத்தேன். கணவர் தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் “ஐந்தில் ஒரு பங்கு மிச்சம்” என்று சொல்லிச் சொல்லி, அவரை அந்தப் பக்கம் பார்த்தாலே சக ஆசிரியர்கள் நழுவ ஆரம்பித்தார்களாம்.

அந்த மைசூர்பாகைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர் மட்டும் சிரிக்காமல் நின்றார். பாய்லரையும் இன்ஜின் ஓட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் தேவராஜ்.

“மேடம், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? இந்த இன்ஜின் அழுதுகினே கீது.”

“அழுவுதா?”

“சிலிண்டர் அடியில தண்ணி வுட ஒரு சின்ன கொயாய் கீதே. பழசுல சூடாவுற வரிக்கும்தான் தண்ணி வரும், அப்பால நின்னுடும். இதுல சூடான அப்பறமும் தொறந்தா தண்ணிதான். இன்னாமோ பேஜாரா கீது மேடம்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “அது ஆனந்தக் கண்ணீர் தேவராஜ்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் என் நகைச்சுவை மிகவும் பிடித்திருந்தது. அன்று மாலையே முதலாளி, மறைமலை நகரில் தொழிற்சாலைச் சீருடைகளைத் துவைத்துத் தரும் ஒரு பெரிய லாண்டரிக்கு என் எண்ணை உத்தரவாதமாக எழுதி அனுப்பிவிட்டார். மணிக்கு நூற்றிருபது கிலோவுக்கு மேல் போகாது. கீழே என் கையெழுத்து.

லாண்டரிக்காரர்கள் சும்மா வாங்கிவிடவில்லை. நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லி ஒரு பரிசோதகரை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், அறுபதைத் தாண்டியவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. காலை முழுக்க அவர் பேசியது மொத்தம் ஆறு வார்த்தை இருக்கும். பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு வாத்தியார் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன், இரண்டே நாள்தான் பாடம் நடத்தினார் என்றாலும்.

பரிசோதகர் வருகிறார் என்று முதலாளி தடபுடல் செய்தார். கூடத்துக்குள்ளேயே டிரேயில் டீ, மிக்சர், பிஸ்கட். “கஸ்டமர் முன்னாடி யாரும் டீக்கடைக்கு ஓடக் கூடாது” என்று கட்டளை. பத்து மணிக்கு ஓட்டம் ஆரம்பித்தது. பதினொன்றுக்கு நிறுத்தினோம். எடை போட்டோம்.

நூற்றைம்பது.

தராசு கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நானே அதில் ஏறி நின்று பார்த்தேன். என் எடையைச் சரியாகத்தான் காட்டியது, அதிலும் எனக்கு ஆறுதல் இல்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மைசூர்பாகு உள்ளுக்குள் கசந்தது. “ஏம்மா, இது ஊத்திக்கிச்சுன்னா உன் டிராயிங்க மூட்டை கட்டி பரண்ல போட வேண்டியதுதான். பழைய இன்ஜினே போதும்னு எழுதிக் குடுத்துடுவேன்” என்று காதோரம் சொன்னார். பரிசோதகர், “விதிப்படி இன்னொரு ரன் உண்டு. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு” என்று சொல்லிவிட்டு மிக்சரில் இருந்த வேர்க்கடலையை மட்டும் பொறுக்க ஆரம்பித்தார்.

வாசலுக்கு வந்து நின்றேன். அழுகை வரும்போல இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் முழுக்க என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு இன்ஜின்தான். மழை விட்டிருந்தது. எதிரே சந்து முழுக்கச் சேறு. நான் சும்மா தொட்டியைப் பார்த்தேன். அதன் விளிம்பில் தொங்கிய பச்சை பிளாஸ்டிக் மக் காய்ந்து கிடந்தது. வாசற்படியும் காய்ந்து கிடந்தது. ஐப்பசியில் அந்தப் படி காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய இன்னும் ஒரு நிமிடம் ஆனது.

நம் கூடத்துக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போவதில்லை, இன்றும் அப்படித்தானே? தரையைத் துடைத்துத் துடைத்து அது பூஜை அறை மாதிரி ஆகிவிட்டது. மழைக்காலத்தில் பத்தேகால் மணிக்கு எல்லோரும் சந்தைத் தாண்டி எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வருவோம். குழாயில் ஜில்லென்று தண்ணீர். தொட்டியில் இதமான வெந்நீர், மேலே இன்ஜின் எண்ணெயின் மெல்லிய மினுமினுப்போடு. பித்த வெடிப்புக்கு நல்லது என்று ஒரு பேச்சுகூட உண்டு. ஆளுக்கு இரண்டு மக். தினமும் அதே பத்துப் பேர், அதே இரண்டு மக், ஒழுக்கமான ஆட்கள். மே மாதத்தில் எவன் வெந்நீரில் கால் கழுவுவான்? அன்றோ யாரும் டீக்கடைக்கே போகவில்லை.

பத்துப் பேரில் ஒருத்தி நான். கால் கழுவும்போது அது எனக்கு வெந்நீர். நோட்டில் எழுதும்போது அது நீராவியின் எடை. இரண்டும் ஒரே தண்ணீர் என்று என் மண்டையில் ஒரு நாளும் உறைக்கவில்லை.

தேவராஜ் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் புரிந்துவிட்டது; எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மேடம், ரெண்டாவது ரன்ல எல்லாரையும் டீக்கு அனுப்பட்டா? நம்ம வயக்கந்தானே. திரும்பி வந்து கால் கயுவிக்கினு உள்ள வருவாங்க. யாரு கேக்கப் போறா?”

அதுதான் நான் சந்தித்த சோதனை. யாரும் பொய் சொல்ல வேண்டாம், யாரும் எண்ணைத் திருத்த வேண்டாம். பத்துப் பேர் டீ குடிக்கப் போனால் போதும். இன்ஜின் தேறும், டிசைன் பிழைக்கும், என் கையெழுத்து பிழைக்கும். ஒரு முழு நிமிடம் நான் அதை ஆசையோடு யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தடுத்தது பயம். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். லாண்டரியில் போய் நின்ற பிறகு இன்ஜின் விறகு தின்பதை எந்தச் சோற்றில் மறைப்பது? அங்கே கால் கழுவ நம் ஆட்களை அனுப்ப முடியுமா?

உள்ளே போய்ப் பரிசோதகரிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் முதலாளி, “நான் உனக்கு என்னம்மா துரோகம் பண்ணேன்?” என்றார். பரிசோதகர் எழுந்து வந்து மக்கைக் கையில் எடுத்தார். தண்ணீர் முகந்து தராசில் வைத்துப் பார்த்தார். ஒன்றரைக் கிலோ. பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு மக் என்று மனதுக்குள் பெருக்கினார்.

“முப்பது கிலோ. சரியா இருக்கு” என்றார். “உங்க இன்ஜின் ஒண்ணும் மிச்சம் பண்ணல மேடம். உங்க ஆளுங்க கால் சுத்தமா இருந்திருக்கு, அவ்வளவுதான்.”

பிறகு மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதை இங்க யார் கொண்டுவந்து மாட்டினது?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தேவராஜ், “நான்தான் சார்” என்றார்.

முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருட சர்வீஸில் மூளை எங்கே போயிற்று, சோதனைத் தொட்டியில் மக் போடுகிறவன் மனுஷனா என்று பத்து நிமிடம் வறுத்தெடுத்தார். தேவராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பரிசோதகர் என்னைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ஆறு வாரம் கொடுத்தார். ஒரு நிபந்தனை: புதிய எண்ணை நாங்களே எழுதித் தர வேண்டும். “கொறச்சலா இருந்தாலும் பரவாயில்ல. நெஜமா இருக்கட்டும்” என்றார்.

அன்று மாலை பாய்லர் பக்கம் போய் தேவராஜ் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “அந்த அழுவுற கதையை மறுபடி சொல்லுங்க” என்றேன். ஆனந்தக் கண்ணீர் ஜோக்கை அவர் எனக்கு நினைவுபடுத்தவில்லை. பெரிய மனது.

அவர் சொன்னதில்தான் விடை இருந்தது. நான் வால்வைச் சீக்கிரம் மூடியதால் நீராவி நன்றாக விரிந்தது. விரிந்ததில் குளிர்ந்து, சிலிண்டரின் சுவரையும் குளிரவைத்துவிட்டுப் போனது. அடுத்து வரும் சூடான நீராவி அந்தச் சுவரில் பட்டதும், வேலை செய்வதற்கு முன்பே ஒரு பகுதி தண்ணீராகிப் போனது. சூடேறாத கல்லில் முதல் தோசையின் கதிதான். இந்த விஷயம் படித்த புத்தகத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் தராசு எனக்குச் சாதகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது சிலிண்டர் சொன்னது காதில் விழவில்லை. எண் கெட்டதாக வந்தால் நாம் நூறு முறை சரிபார்ப்போம். நல்லதாக வந்தால் மைசூர்பாகு வாங்கப் போய்விடுவோம். உங்களுக்கு இந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன், ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

மறுபடி வரைந்தேன். வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடினேன். சிலிண்டரைச் சுற்றி இன்னொரு உறை போட்டு அதற்குள் சூடான நீராவியை ஓடவிட்டேன். அதற்கும் வெளியே தடிமனாகக் கம்பளி மாதிரிச் சுற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தேவராஜ் சிலிண்டரின் அடிக்குழாயைத் திறந்து பார்த்து, “இன்னும் அழுவுது”, “கொஞ்சம் மூக்க உறிஞ்சுது” என்று தீர்ப்பு சொல்வார். ஐந்தாவது வாரம் ஒரு காலை, குழாயைத் திறந்து கையை நீட்டி, “கண்ண தொட்சிக்கிச்சு மேடம்” என்றார். அதன் பிறகுதான் தராசைத் தொட்டேன். லாண்டரிக்கு எழுதிக் கொடுத்த புதிய எண் நூற்று முப்பத்தைந்து. பழைய பெருமையில் சரிபாதி.

இரண்டாவது சோதனைக்கு மழை பிடித்துக்கொண்டது. மார்கழி பிறந்தும் விடாமல் ஒரு புயல் சின்னம். முடிச்சூரில் எங்கள் தெருவே ஏரியாகிக் கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பரிசோதகரின் கார் ஜி.எஸ்.டி. சாலையோடு நின்றுவிட்டது. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டை மடித்துவிட்டுச் சந்தில் நடந்து வந்தார். முதலாளி உள்ளே டீக்கு ஏற்பாடு செய்யப் போனபோது தடுத்தேன். “வேணாம் சார். வழக்கம்போல எல்லாரும் வெளியில போய் டீ குடிச்சுட்டு வரட்டும். ஆனா தொட்டியத் தொடக் கூடாது.” உறையிலிருந்து சொட்டும் தண்ணீரையும் ஒரு குழாய் போட்டுத் தொட்டியிலேயே விழச் செய்திருந்தேன்; அதுவும் இன்ஜின் குடித்த நீராவிதானே. பரிசோதகர் அந்தக் குழாயை விரலால் தடவிப் பார்த்தார்.

பத்தேகாலுக்கு என்னைத் தவிர மற்ற ஒன்பது பேரும் போனார்கள். பரிசோதகரும் கூடவே போனார். திரும்பி வந்து பதினோரு மணி வரை அத்தனை பேரும் வாசலில், முழங்கால் வரை சேறு காயக் காய, ஆவி பறக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. உண்டியலுக்குக் காவல் நிற்பதுபோல நின்றார்கள். அவர்களைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. என் இன்ஜினுக்காக நிற்கிறார்கள்.

கடைசி டிரம் ஏறியது. நூற்று முப்பத்திரண்டு. எழுதிக் கொடுத்ததைவிட ஒரு ஆள் கால் கழுவும் அளவுக்கு, சரியாக இரண்டு மக், குறைவு.

பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். தன் காலைக் குனிந்து பார்த்து, “இப்ப கழுவலாமா?” என்றார். அவர் இப்படிப் பேசிக் கேட்டிராத மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவராஜ் மக் நிறைய வெந்நீர் முகந்து, பரிசோதகரைத் தாண்டி வந்து, என்னிடம் நீட்டினார்.

“மொதல்ல நீங்க மேடம்.”

கண்ணில் குறும்பு தவிர வேறொன்றும் இல்லை. பரிசோதகர் அந்த மக்கைப் பார்த்தார், தேவராஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல்முறையாகப் புன்னகைத்தார். பிறகு காலை நீட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

மறுநாள் தேவராஜ் பலகையை எழுதி மாட்டினார். அதற்குப் பிறகு இத்தனை வருடமாக நம் தொழிற்சாலையில் மக் என்றாலே தேவராஜ் பெயர்தான். எதைத் தொலைத்தாலும் “தேவராஜ் அண்ணனைக் கேளு, தொட்டியில போட்டிருப்பாரு” என்று நீங்களும் கிண்டல் செய்கிறீர்களாம். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. நானும் ஒரு நாளும் மறுக்கவில்லை. பரிசோதகரிடம் முப்பது கிலோ தண்ணீரை அன்றே ஒப்புக்கொண்டவளுக்கு, ஒரு மக்கை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். அன்று அவருக்கு மாலை போடும்போது இதைப் படித்துக் காட்டுங்கள். முதலாளியும் பக்கத்தில் இருக்கட்டும். அந்தப் பச்சை மக்கை வாங்கியது நான்தான். அந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று, தாம்பரம் மார்க்கெட்டில், என் காலுக்காக.